கறைக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள்

சந்தேகப்படுவது சிலருக்குக் குணம். எனக்கு அது வேலை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். கடைக்காரர் "நேத்துதான் வந்துச்சு ஆன்டி" என்று சொன்ன ரொட்டியை அமுக்கிப் பார்த்த பிறகும் பக்கத்துப் பொட்டலத்தைத்தான் எடுப்பேன். பேரப்பிள்ளை திடீரென்று வந்து முத்தம் கொடுத்தால் என்ன உடைத்தாய் என்று கேட்பேன். உங்களில் பலரும் இப்படித்தான், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். எனக்கு இது எங்கே பிடித்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரே சுவரில் இரண்டு நிறங்களைப் பூசி வைத்துக்கொண்டு, இதுவா அதுவா என்று பெரியவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த ஒரு தீபாவளிக் காலத்தில் பிடித்தது.

போன மாதம் தம்பி மனைவி என் கைப்பேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்று அடர்ந்த சாம்பல் நிறம். மற்றது இளமஞ்சள். "அக்கா, ஹாலுக்கு எது ஓகே? சீக்கிரம் சொல்லுங்க லா, பெயிண்டர் சண்டே வராரு" என்று கீழே எழுதியிருந்தாள். கடைசிவரை அந்த வீட்டில் இருந்த சின்னம்மா இறந்து வருஷம் திரும்பிவிட்டது. இனி பண்டிகை கொண்டாடலாம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம். நான் பதில் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிக் கிள்ளானுக்கே போய்விட்டேன். அந்த வீட்டில் நிறம் தேர்ந்தெடுப்பதைக் கைப்பேசியில் முடித்துக்கொள்ள என்னால் முடியாது.

ஏன் என்று சொல்கிறேன்.

அப்பா போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டினார். ஷிப்ட் வேலை. அவர் வரும் நேரம் பார்த்து அம்மா ஹால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருப்பாள். மடியில் பழைய பேப்பர். தலையில் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டு அவளே காய்ச்சிய எண்ணெய் அது. தினமும் ஒரே இடத்தில் சாய்ந்ததால் சுவரில் தலை படும் இடத்தில் பழுப்பாக ஒரு கறை விழுந்திருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தால் இன்னும் கொஞ்சம் பரவும். அப்பா வாசலில் நுழையும்போதே, "சுவத்துக்கும் சேத்து எண்ணெய் தேய்ச்சு விடறியா?" என்று கேட்பார். அம்மா சாய்ந்த தலையை எடுக்காமலே சிரிப்பாள்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மா வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேருந்தில் தானே ஏறிப் போனாள். திரும்பி வரவில்லை. தம்பிக்கு அப்போது மூன்று வயது.

அம்மாவின் துணிகளை யார் யாரோ எடுத்துப் போனார்கள். நெத்திலி கிள்ளும் பிரம்புத் தட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. கறையை யாரும் எடுத்துப் போக முடியவில்லை. தம்பி அதன் முன்னால் போய் நின்று கன்னத்தை வைத்துக்கொள்வான். அவன் உயரத்துக்கு அது சரியாக இருந்தது. நான் யாரும் பார்க்காத நேரத்தில் மூக்கை வைத்து இழுப்பேன். கறிவேப்பிலை வாசம் வரும். நிஜமாகவே வந்ததா, வருவதாக நினைத்துக்கொண்டேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அப்போது வந்தது.

எங்களைப் பார்த்துக்கொள்ள ரவாங்கிலிருந்து அத்தை வந்து தங்கினாள். அப்பாவின் அக்கா. கைமணம் உள்ளவள், வாய் ஓயாதவள், பகலிலும் கதவைத் தாழ்ப்பாள் போட்டு வைப்பவள். ரொட்டிக்காரர் மணியடித்தால் "நேத்து இந்த நேரத்துக்கு வரலையே, இன்னிக்கு ஏன் வந்தான்?" என்பாள். பக்கத்து வீட்டில் கூட்டு கொடுத்தனுப்பினால் ஏன் கொடுத்தார்கள் என்று யோசித்து முடிப்பதற்குள் அது ஆறிவிடும். சளிக் காய்ச்சல் மாதிரி அவளிடமிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது.

வருஷம் திரும்பியது. சாவு நடந்த வீட்டில் அதுவரைக்கும் பண்டிகையும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. திதி முடிந்த வாரம் அப்பா வேலை விட்டு வரும்போது இரண்டு சின்ன டின்கள் வாங்கி வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷை எடுத்து, அம்மாவின் கறைக்கு இந்தப் பக்கம் முழங்கை அகலத்துக்குப் பச்சையும் அந்தப் பக்கம் அதே அகலத்துக்கு மஞ்சளும் பூசினார். பச்சை என்றால் கரும்பச்சை, பழைய அஞ்சல் நிலையக் கதவுகளுக்கு அடிப்பார்களே அது. மஞ்சள் மிக இளசு, வாழைப்பழத்தின் உள்தோல் நிறம். பூசிவிட்டுத் தள்ளி நின்று, "எது நல்லாருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"பச்சைதான்" என்றாள் அத்தை. "பிள்ளைங்க இருக்கற வீடு. அழுக்கு தெரியாது."

அழுக்கு என்று சொன்னபோது அவள் பார்த்தது கறையை. அதைப் பார்த்தேன், ஆனால் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அவள் அடுத்துக் கேட்ட கேள்வி என் கவனத்தை இழுத்துக்கொண்டது.

"மஞ்சள் எதுக்கு தம்பி? இந்த வீட்டுல என்ன விசேஷம்? மஞ்சள் பூசச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலக்கா. கடையில ரெண்டும் இருந்துச்சு, எடுத்தேன்."

அத்தை நம்பவில்லை. அவள் நம்பாததால் நானும் நம்பவில்லை. மறுநாள் துணி காயப்போடும்போது என்னைப் பக்கத்தில் இழுத்து, "பாத்து வச்சுக்க. உங்கப்பா மனசுல ஆள் இருக்கு. மஞ்சள் சும்மா வராது" என்றாள். கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே சொன்னதால் அது இன்னும் ரகசியமாகக் கேட்டது. அன்றிலிருந்து நான் பச்சைக் கட்சி. மஞ்சள் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதக்கூட மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆள் வந்துவிட்டார்.

அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒருவரின் தங்கை. பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். எனக்குத் தீபாவளிக்குப் பாவாடை சட்டை தைக்க அளவெடுக்க வந்ததாகச் சொன்னார்கள். கழுத்தில் டேப், கையில் துணிப்பை, முகத்தில் பவுடர்கூட இல்லை. நாங்கள் தையல் ஆன்டி என்று கூப்பிட்டோம். என் தோளையும் இடுப்பையும் அளந்து முடித்தவர், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அளவெடுக்க வந்தவ வீட்டையே அளக்கறா" என்று சமையலறையிலிருந்து அத்தையின் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்தது.

அப்பா தயங்கித் தயங்கி, "எது நல்லாருக்கும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டார்.

 தையல் ஆன்டி போய் டியூப் லைட்டை அணைத்தார். ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் திறந்துவிட்டார். "லைட்டு வெளிச்சத்துல எந்தக் கலரும் உண்மை பேசாது. ரவிக்கைக்கு லைனிங் எடுத்தாகூட நான் வாசல்ல கொண்டுபோய் வச்சுத்தான் பாப்பேன்" என்றார். அத்தை ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து சத்தம் வரும்படி வைத்தாள். தையல் ஆன்டி அதில் உட்கார்ந்தார். முதுகு நேராக, எதிலும் சாயாமல். தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம் அது. அத்தைக்கு அது திமிராகத் தெரிந்தது. "பாத்தியா, எப்படி வெறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. இப்பவே மகாராணி" என்றாள் பிறகு.

வெகுநேரம் கழித்து, "மஞ்சள்" என்றார் தையல் ஆன்டி.

"ஏன் மஞ்சள்?" கேட்டது அத்தை.

"தெரியலக்கா. அப்படித் தோணுச்சு."

காரணம் சொல்லத் தெரியாத ஒருவரை எப்படி நம்புவது? அத்தை என்னைப் பார்த்தாள், நான் அத்தையைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் மறுபடி வந்தது தைத்த பாவாடையைப் போட்டுப் பார்க்க. நான் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வரும்போது ஹாலில் அவர் மட்டும் இருந்தார். கறைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு விரலால் அதைத் தொட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீடு அழுக்கா என்று சோதிக்கிறார்! அதுவும் எந்த இடத்தில்! நான் வந்ததைப் பார்த்ததும் எழுந்து, கொஞ்சமும் பதறாமல், "அம்மா தலைக்கு என்ன எண்ணெய் வைப்பாங்க?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

எனக்கா தெரியாது? கறிவேப்பிலை உருவிக் கொடுத்ததே நான்தான்.

இரண்டு நிறங்களும் வாரக்கணக்கில் சுவரிலேயே இருந்தன. அப்பாவுக்கு முடிவெடுக்க வரவில்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொன்னார்கள். தீபாவளி நெருங்கியது. பொறுமை இழந்தது அத்தைதான். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தம்பி வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பச்சை வளர்ந்திருந்தது. அத்தை மிச்சமிருந்த டின்னைத் திறந்து, கறையின் ஓரத்தின் மேலும் பூசிப் பார்த்திருக்கிறாள். "சும்மா, மறைக்குதான்னு பாத்தேன். பாரு, எவ்வளவு சுத்தமா மறைஞ்சிடுச்சு!" என்று எனக்கு ஆசையோடு காட்டினாள்.

அவள் சொன்னது சரி. அந்த ஓரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கறை இருந்ததற்கான சுவடே இல்லை.  நான் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த பச்சை இதைத்தான் செய்யப் போகிறது.

"அதையே பாத்துப் பாத்துப் பிள்ளைங்க ஏங்கிப் போவுது" என்று அன்று மாலை அத்தை அப்பாவிடம் சொன்னாள். அழுதுகொண்டுதான் சொன்னாள். எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னாள், அதில் எனக்கு இன்று சந்தேகமில்லை. மறைத்துவிட்டால் மறந்துவிடுவோம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் நம்பினார்கள்.

பெயிண்டர் அங்கிள் எங்கள் வரிசையிலேயே கடைசி வீடு. அளவு பார்க்க வந்தவர் திரும்பும்போது கேட்டருகே நின்று அப்பாவிடம் பேசியதை, நான் செருப்பு துடைப்பதுபோல் உட்கார்ந்து கேட்டேன்.

"பச்சைன்னா பிரச்சனை இல்ல, எண்ணெய் ஊறினாலும் தெரியாது. மஞ்சளுன்னா நான் இப்பவே சொல்லிடறேன், பின்னால என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. அது தலை எண்ணெய். ஒரு மழை போனா மேல வந்துடும். எத்தனை கோட் அடிச்சாலும் வரும். அடியில சீலர்னு ஒரு பூச்சு அடிச்சாத்தான் நிக்கும்."

 அப்பா தலையை ஆட்டினார்.

அந்த நிமிடம் நான் கட்சி மாறினேன். மஞ்சள்தான் வேண்டும். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. மஞ்சளைத் தேர்ந்தெடுத்த தையல் ஆன்டிக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்தால் கட்டாயம் பச்சைக்குத் தாவிவிடுவார், அல்லது அந்த சீலரையோ என்னவோ அடிக்கச் சொல்லிவிடுவார். அதனால் அவர் வந்திருக்கும் நேரத்தில் பெயிண்டர் அங்கிள் தெருவில் வந்தால், நான் ஓடிப்போய்த் தண்ணீர் வேண்டுமா அங்கிள் என்று கேட்டு வெளியிலேயே நிறுத்திவைப்பேன். அவர் என்னை நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னார்.

வேலை தொடங்கும் நாள் காலையில் பெயிண்டர் அங்கிள் ஏணியோடு வந்து, "எந்தக் கலர்?" என்றார். அத்தை "பச்சை" என்றாள். அப்பா சுவரைப் பார்த்தார். தம்பி வழக்கம்போல் மிச்சக் கறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மஞ்சள்" என்றார் அப்பா. "சீலர் வேணாம்."

"அவளுக்காகத்தானே?" என்றாள் அத்தை.

அப்பா ஏணியைப் பிடித்துக் கொடுக்கப் போய்விட்டார். யாருக்காக மஞ்சள் என்றார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தைக்குத் தெரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். தீபாவளி முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரவாங்குக்குப் போய்விட்டாள். தம்பி ஒரு மாதிரி ஆகிப் போனான். மஞ்சள் சுவரில் அங்கும் இங்கும் கன்னத்தை வைத்துப் பார்ப்பான், எந்த இடம் என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பான். "இரு, வரும்" என்று அவன் காதில் சொல்வேன்.

அப்பாவும் தையல் ஆன்டியும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டோம். ஒரு தையல் மிஷினோடு வந்தார். முதல் வாரமே, டின்னில் மீந்திருந்த பச்சையை எடுத்து அந்த மர ஸ்டூலுக்குப் பூசினார். "வீணாப் போகாம இருக்கட்டும்" என்றார். அத்தையின் நிறத்தையும் இவரே எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். மிஷினைக் கறையிருந்த சுவருக்கு எதிர்ப்பக்கம், வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டு, பச்சை ஸ்டூலில் நேராக உட்கார்ந்து தைப்பார்.

மழை வந்தது. ஒரு காலையில் மஞ்சளுக்குள்ளிருந்து லேசாக, ஈரம் படிந்த மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. அத்தை பச்சை பூசிய ஓரம் மட்டும் மங்கலாக இருந்தது. பத்து நாளில் நன்றாகப் பழுத்துவிட்டது. தம்பி கன்னத்தை வைத்துக்கொண்டான். நான் சின்னம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரை கூட்டிக்கொண்டே வந்தவர், கறைக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். பிறகு துடைப்பத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதனால் என் சந்தேகம் கூடியது. பேசாமல் இருப்பவர்கள் ஏதோ திட்டம் வைத்திருப்பார்கள் என்பது அத்தை சொன்னது.

பொங்கலுக்கு வந்த அத்தை கறையைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "நான் அப்பவே சொன்னேன். இப்ப என்ன ஆச்சு? ஒரு காலண்டராவது மாட்டு."

"ஆணி அடிச்சா சுவர் தாங்காது அண்ணி" என்றார் சின்னம்மா. அதே சுவரில் ஓரடி தள்ளி அப்பாவின் சட்டை மாட்ட ஆணி இருந்தது. அதைத் தாங்கிய சுவர் இதைத் தாங்காதா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்து நின்றது. விடை கிடைக்காத கேள்விகளில் அதையும் சேர்த்துவைத்தேன்.

இன்னொன்று. கொஞ்ச நாளில் சமையலறையில் கறிவேப்பிலை போட்டு எண்ணெய் காயும் வாசம் வந்தது. சின்ன வெங்காயமும் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை, தம்பிக்குச் சொல்லத் தெரியாது. பின் யார் சொன்னது? யார் சொன்னது என்று தெரியும்வரை என் தலையை அவரிடம் கொடுப்பதில்லை என்று இருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் போய்விடுவார். நானே தேய்த்துக்கொள்வேன். தம்பி அவர் மடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொள்வான்.

அவர் மோசமானவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என் கல்யாணத்துக்கு எல்லா ரவிக்கையும் அவர் தைத்ததுதான். ஒன்றுகூட இறுக்கிப் பிடித்ததில்லை, தொளதொளத்ததில்லை. ஆனாலும் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கும் காலம் வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். ஒவ்வொரு முறையும் மஞ்சள்தான் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் கறை மேலே வந்தது.

நான் கல்யாணமாகிப் போன பிறகு, பக்கத்து வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கசிந்து எங்கள் ஹால் சுவர் முழுக்கப் பூஞ்சை பிடித்தது. சுவர் முழுக்க சீலர் போட்டு அடித்துவிட்டதாகத் தம்பி போனில் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவுதான், காத்திருந்து காத்திருந்து கடைசியில் காரியத்தை முடித்துவிட்டார் என்று நினைத்தேன். தீபாவளிக்குப் போனால் சுவர் பளிச்சென்று இருந்தது. சின்னம்மா என்னிடம் முறுக்குத் தட்டை நீட்டினார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். 

அடுத்த வருஷம் கறை வந்துவிட்டது. சீலரையும் மீறி!

அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன் தெரியுமா? "எங்கம்மா காய்ச்சின எண்ணெய். சீலர் போட்டும் நிக்கல. யாராலயும் அழிக்க முடியல" என்று பங்சாரில் என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலரிடமும் சொல்லியிருப்பேன். அப்பா போன பிறகும் சின்னம்மா அந்த வீட்டில்தான் இருந்தார். நான் போகும்போதெல்லாம் முதலில் கறையைப் பார்ப்பேன். பிறகுதான் அவரைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்பேன்.

போன மாதம் கிள்ளான் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெயிண்டர் சுரண்டும் வேலையைத் தொடங்கியிருந்தார். தம்பி மனைவி சுவரில் சாம்பலில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று பட்டை அடித்துப் பார்த்திருந்தாள், கறைக்கு இருபுறமும்! யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்போல.

"ஆன்டி, இங்க கொஞ்சம் வாங்க" என்றார் பெயிண்டர். "இந்த சுவத்தை முன்ன யாரு அடிச்சது? பாருங்க, மஞ்சளுக்குக் கீழ முழுசா வெள்ளையா இருக்குல்ல, அது சீலர். நல்லா, கெட்டியாப் போட்டிருக்காங்க. இந்த எண்ணெய் இருக்கற எடம் மட்டும் இல்ல. விட்டுட்டாங்க."

"மறந்திருப்பாங்க" என்றேன்.

"மறந்தா இப்படி இருக்காது. கைய வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. அது கறையைச் சுற்றிக்கொண்டு போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்தது. ஒரு தலையளவு. கழுத்துக்கு வெட்டிய ரவிக்கைத் துணியின் வளைவுபோல எங்கும் பிசிறில்லை.

"சின்ன பிரஷ் வச்சு சுத்திக் கட்டியிருக்காங்க" என்றார் பெயிண்டர். "ரோலர் போட்டா இப்படி வராது."

வாசலில் நின்றிருந்த தம்பி உள்ளே வந்தான். அவனுக்கு இப்போது முன்வழுக்கை, தொப்பை, சர்க்கரை எல்லாம் உண்டு. "அந்த ஒரு சுவத்தை சின்னம்மாதான் அடிச்சாங்கக்கா" என்றான். "பெயிண்டரைச் சமையல்கட்டுக்கு அனுப்பிட்டு, 'இதை நான் பாத்துக்கறேன்'னு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. கூலி மிச்சம் பண்றாங்கன்னு நெனச்சேன்."

அம்மாவின் எண்ணெய் எதையும் மீறி வந்திருக்கவில்லை. வழி விடப்பட்டிருந்தது. விரலை மோந்து பார்த்த அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எண்ணெயில் என்ன சேர்த்திருக்கிறது என்பது உட்பட. நான் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்த கறையை, எனக்குத் தெரியாமல் இன்னொருவரும் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. இந்த வயதில் அத்தனை பேர் முன்னால் அழுவது கூச்சமாக இருந்ததால், பெயிண்ட் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அக்கா, அப்ப எந்தக் கலர்?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"மஞ்சள். அந்த இடத்தை விட்டுட்டு சீலர் போடச் சொல்லு."

பிறகு அறை அறையாகப் போனேன். சின்னம்மாவுக்கும் ஓர் இடம் இருக்கும் அல்லவா? இத்தனை வருஷம் அவரும் தலைக்கு எண்ணெய் வைத்தவர்தானே? படுக்கையறைச் சுவர், சமையலறைக் கதவோரம், பின்வாசல் நிலை, மிஷின் இருந்த மூலை, எல்லாவற்றையும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டும் பார்த்தேன். எங்கும் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் எந்தச் சுவரிலும் அவர் சாய்ந்ததே இல்லை.

நான் ஹாலுக்குத் திரும்பியபோது பெயிண்டர் தன் சாமான்களை வைத்துக்கொள்ள மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தார். அதே ஸ்டூல். கால்களில் மட்டும் அந்தக் கரும்பச்சை அப்படியே இருந்தது. உட்காரும் பலகையில் நடுப்பகுதி பச்சை போய், அதன் கீழே மரமும் தேய்ந்து, லேசாகக் குழிந்திருந்தது.

"இது ரொம்பப் பழசாப் போச்சு ஆன்டி" என்றார் அவர், துணியால் தட்டிக்கொண்டே. "பெயிண்ட் மீதி இருக்கும். இதுக்கும் ஒரு கோட் அடிச்சிடவா?"

"அதை மட்டும் தொடாதீங்க" என்றேன்.